எலக்ட்ரான் செயலி திறக்க மறுக்கும்போது: சேலம் பயிலுநர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் எங்கள் வார இறுதி வகுப்புக்கு வருகிறவர்கள், தங்கள் வீட்டுத் தொழிலுக்கு உதவக்கூடிய சிறு மேசைக்கணினிச் செயலி ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பழகுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை, ஆசாரியிடம் கொடுத்த வெள்ளியின் எடையையும் வேலை முடிந்து திரும்பிய எடையையும் பதியும் பேரேடு ஒன்றை எழுதுகிறார். ஏற்காட்டில் சிறு காபித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், யார் எத்தனை கிலோ பழம் பறித்தார் என்ற அன்றாடக் கணக்கை எழுதுகிறார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர், ஜவ்வரிசி ஆலைக்கு வந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கு லோடுகளைக் குறித்து வைக்கிறார். செயலிகள் வெவ்வேறாக இருந்தாலும் அவை திறக்காமல் நிற்கும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதைப் போலவே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

எலக்ட்ரான் என்பது என்ன? தொடக்கச் சிக்கலைப் புரிந்துகொள்ள அதைப் பற்றி எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

வலைப்பக்கம் எழுதத் தெரிந்த ஒருவர் அதே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைக் கொண்டே மேசைக்கணினிச் செயலியையும் எழுதுவதற்கு வழி செய்யும் கட்டமைப்பு அது. கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற உரைத்தொகுப்பிக்காக 2013இல் ஆட்டம் ஷெல் என்ற பெயரில் அதைத் தொடங்கியது. 2015இல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. நம்மில் பெரும்பாலோர் நிரல் எழுதப் பயன்படுத்தும் விஎஸ் கோடு அதைக் கொண்டே உருவாக்கப்பட்டது.

தொடக்கச் சிக்கலைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்த வேண்டும். எலக்ட்ரானுக்குள் குரோமியம் உலாவியும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் சேர்ந்தே இருக்கின்றன; ஆனால் உங்கள் நிரல் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. மெயின்.ஜேஎஸ் கோப்பு முதன்மைச் செயல்முறையில் ஓடிச் சாளரத்தைத் திறக்கிறது. சாளரத்துக்குள் தெரியும் பக்கமோ ரெண்டரர் எனப்படும் தனிச் செயல்முறையில் ஓடுகிறது. இரண்டும் தத்தம் பிழைகளை வெவ்வேறு இடங்களில் எழுதுகின்றன. முதன்மைச் செயல்முறையின் பிழை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் வரும். பக்கத்தின் பிழை, உலாவிக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸில் வரும். "பிழைச்செய்தி எதுவுமே வரவில்லை" என்று சொல்லி வருபவர்களில் பலர் இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே பார்த்திருப்பார்கள்.

செயலி திறக்கவில்லை என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. வண்டி பழுதாகி நின்றால், அடிவாரத்தில் இருக்கும் மெக்கானிக் முதலில் கேட்பது எத்தனையாவது வளைவில் நிற்கிறது என்பதைத்தான். "வண்டி ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. செயலிக்கும் அந்தக் கேள்வியையே கேட்க வேண்டும்.

என்பிஎம் ஸ்டார்ட் என்று கட்டளையிட்டதும் நடப்பவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. பொதிகளை, அதாவது பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை, நிறுவும் கருவியான என்பிஎம், செயலியின் விவரங்களைக் கொண்ட பேக்கேஜ்.ஜேசான் கோப்பை முதலில் தேடி, அதில் ஸ்டார்ட் என்ற பெயரில் எழுதியிருக்கும் கட்டளையை ஓட்டுகிறது. அந்தக் கட்டளை எலக்ட்ரானை எழுப்புகிறது. எலக்ட்ரான் அதே கோப்பில் மெயின் என்ற வரியைப் படித்து, அது சுட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை ஓட்டுகிறது. எலக்ட்ரான் ஆயத்தமானதும் உங்கள் நிரல் சாளரத்தை உருவாக்குகிறது. சாளரம், பக்கத்தின் நிரலுக்கு முன்பே ஓடும் ப்ரீலோட் கோப்பை ஏற்றி, எச்டிஎம்எல் பக்கத்தைத் திறக்கிறது. கடைசியாகப் பக்கத்தில் உள்ள நிரல் ஓடுகிறது. இந்த வரிசையில் எதுவரை வந்து நின்றது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதைத் தெரிந்துகொள்ள மெயின்.ஜேஎஸ்ஸின் முதல் வரியிலும், ஆயத்தமான பிறகு ஓடும் பகுதியின் தொடக்கத்திலும், சாளரத்தை உருவாக்கிய வரிக்கு அடுத்தும் ஒவ்வொரு கன்சோல்.லாக் எழுதி, 1, 2, 3 என்று எண்களை அச்சிடச் செய்யுங்கள். டெர்மினலில் 1 வந்து 2 வரவில்லை என்றால், பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸைத் திருத்திக்கொண்டு மாலைப்பொழுதை வீணாக்க வேண்டியதில்லை. இது பழங்கால முறைதான். இருந்தாலும் தொடக்கநிலையில் இதைவிடப் பயனுள்ள கருவியை நான் கண்டதில்லை.

என்பிஎம் என்று தட்டச்சு செய்தால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று விண்டோஸ் சொல்கிறது. வேறொரு கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது என்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. கட்டளையே இல்லை என்றால் நோட்.ஜேஎஸ் நிறுவப்படவில்லை, அல்லது நிறுவிய பிறகு அந்த டெர்மினலை மூடித் திறக்கவில்லை. விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் விஎஸ் கோடையே முழுவதும் மூடித் திறக்க வேண்டியிருக்கும். நோட்.ஜேஎஸ் தளத்தில் எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவு, என்று குறித்திருக்கும் பதிப்பையே நிறுவுங்கள்.

ஸ்கிரிப்ட் தடை என்பது பவர்ஷெல்லின் பாதுகாப்பு ஏற்பாடு. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அதே கட்டளையைக் கொடுத்தால் அந்தத் தடை குறுக்கே வராது. பவர்ஷெல்தான் வேண்டும் என்பவர்கள், தங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் எக்ஸிக்யூஷன் பாலிசியை ரிமோட்சைண்ட் என்று மாற்றிக்கொள்ளலாம். கணினி முழுவதற்கும் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்றாதீர்கள்.

என்பிஎம் இன்ஸ்டால் முடிந்தது போலத் தெரிகிறது. ஆனால் எலக்ட்ரான் சரியாக நிறுவப்படவில்லை, நீக்கிவிட்டு மீண்டும் நிறுவவும் என்ற செய்தி வருகிறது. ஏன்?

எங்கள் வகுப்பில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் மலைமேல் இருப்பவர்கள் அதிகம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எலக்ட்ரான் என்ற என்பிஎம் பொதி மிகச் சிறியது. உண்மையான எலக்ட்ரான், அதாவது குரோமியத்தையும் நோட்.ஜேஎஸ்ஸையும் தன்னுள் கொண்ட இயங்கு கோப்பு, 100 மெகாபைட்டுக்கும் மேற்பட்ட சுருக்கக் கோப்பாகக் கிட்ஹப்பில் இருக்கிறது. சிறு பொதி வந்து இறங்கிய பிறகு, இன்ஸ்டால்.ஜேஎஸ் என்ற நிரல் ஓடி அந்தப் பெரிய கோப்பைத் தனியாக இறக்கி விரிக்கிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இறக்கும்போது நடுவில் இணைப்பு அறுந்தால், சிறு பொதி முழுமையாக இருக்கும்; பெரிய கோப்பு இருக்காது. கோப்புறையைப் பார்த்தால் எல்லாம் வந்துவிட்டதைப் போலவே தோன்றும்.

நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் எலக்ட்ரான் கோப்புறையை மட்டும் நீக்கிவிட்டு, நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் மீண்டும் என்பிஎம் இன்ஸ்டால் கொடுங்கள். சிறு பொதி சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் இன்ஸ்டால்.ஜேஎஸ்ஸை நோட் கட்டளையால் நேரடியாக ஓட்டினாலே போதும். ஒருமுறை முழுமையாக இறங்கிய சுருக்கக் கோப்பு தற்காலிகச் சேமிப்பில் தங்கிவிடுகிறது. விண்டோஸில் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் எலக்ட்ரான் என்ற கோப்புறையிலும், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் கேச் பகுதியிலும் அதைக் காணலாம். ஆகவே அடுத்த செயலிக்கு எலக்ட்ரானின் அதே பதிப்பைப் பயன்படுத்தினால் 100 மெகாபைட்டை மறுபடி இறக்க வேண்டியதில்லை. தேவையின்றிப் பதிப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணைப்பு நன்றாக இருந்தும் இதே செய்தி வந்தால், ஸ்கிரிப்டுகளை ஓட்டாதே என்ற அமைப்பு என்பிஎம்மில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் இன்ஸ்டால்.ஜேஎஸ் ஓடியே இருக்காது. என்பிஎம்முக்கு மாற்றாகச் சிலர் பயன்படுத்தும் பிஎன்பிஎம்மின் 10ஆம் பதிப்பு பொதிகளின் நிறுவல் ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே ஓட்டுவதில்லை. அப்ரூவ் பில்ட்ஸ் என்ற கட்டளையால் எலக்ட்ரானுக்கு நாமே அனுமதி கொடுக்க வேண்டும். செயலியின் கோப்புறை ஒன்டிரைவுக்குள் இருந்தால், நோட் மாட்யூல்ஸில் உள்ள ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அது ஒத்திசைக்க முயலும். அப்போது கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஈபெர்ம், ஈபிஸி போன்ற பிழைகள் வரும். சி டிரைவில் நேரடியாக ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்கு இடைவெளி இல்லாத எளிய ஆங்கிலப் பெயர் வைத்து, அங்கே வேலை செய்யுங்கள். தமிழில் பெயர் வைக்க ஆசை இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் பின்னால் வரப்போகும் நேட்டிவ் மாட்யூல்களைத் தொகுக்கும் கருவிகள் அத்தகைய பாதைகளில் தடுமாறக்கூடும்.

இன்ஸ்டால் செய்யும்போது சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வருகிறது. தளத்தில் கோளாறா?

கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியின் மதர்போர்டில் இருக்கும் சிறு நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறந்திருக்காது. தேதியைச் சரிசெய்தால் போதும். சான்றிதழைச் சரிபார்க்கும் ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல்லை அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஸ்டார்ட் என்ற ஸ்கிரிப்ட் இல்லை, பேக்கேஜ்.ஜேசானைத் திறக்க இயலவில்லை, எலக்ட்ரான் செயலியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்றெல்லாம் வரும் பிழைகளுக்கு என்ன பொருள்?

எலக்ட்ரான் உங்கள் நிரலை இன்னும் தொடவே இல்லை என்று பொருள். டெர்மினல் வேறு கோப்புறையில் நிற்கிறது, அல்லது பேக்கேஜ்.ஜேசானில் ஸ்டார்ட் என்பதற்கு எலக்ட்ரான் புள்ளி என்று எழுதவில்லை, அல்லது மெயின் வரியில் உள்ள பெயரும் உண்மையான கோப்பின் பெயரும் வேறுபடுகின்றன. அந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். இந்தக் கோப்புறையில் இருக்கும் செயலியை ஓட்டு என்று சொல்வது அதுதான்.

மெயின் வரியையே எழுதாவிட்டால் எலக்ட்ரான் இண்டெக்ஸ்.ஜேஎஸ் என்ற கோப்பைத் தேடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையும் உண்டு: நோட்பேடில் சேமித்தால் மெயின்.ஜேஎஸ்.டிஎக்ஸ்டி என்று சேமிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் கடைசி நீட்சியை மறைத்து மெயின்.ஜேஎஸ் என்றே காட்டும். ஃபைல் எக்ஸ்புளோரரில் நீட்சிகளைக் காட்டும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிடுங்கள். ஜேசான் கோப்பில் கடைசி வரிக்குப் பின் காற்புள்ளி வரக்கூடாது என்பதும், உள்ளே குறிப்புரை எழுதக்கூடாது என்பதும் ஜாவாஸ்கிரிப்டில் பழகிய கைக்கு எளிதில் மறந்துபோகும்.

வென்ரெடி என்பதைப் படிக்க இயலவில்லை, அது அன்டிஃபைன்டு என்று வருகிறது. நிரலைப் புத்தகத்தில் உள்ளபடியேதான் எழுதினேன்.

நிரல் சரியாகவே இருக்கலாம். ஓட்டிய விதம்தான் தவறு. நோட் மெயின்.ஜேஎஸ் என்று கட்டளையிட்டிருப்பீர்கள். வெறும் நோட்.ஜேஎஸ்ஸில் எலக்ட்ரானை ரிக்கொயர் செய்தால், அதாவது நிரலுக்குள் வரவழைத்தால், இயங்கு கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே ஒரு சரமாகத் திரும்பக் கிடைக்கும். அந்தச் சரத்துக்குள் ஆப் என்று எதுவும் இல்லாததால் இந்தப் பிழை வருகிறது. என்பிஎக்ஸ் எலக்ட்ரான் புள்ளி என்றோ என்பிஎம் ஸ்டார்ட் என்றோ ஓட்டுங்கள். அப்படி ஓட்டியும் இதே பிழை வந்தால், எலக்ட்ரான் ரன் ஆஸ் நோட் என்ற சூழல் மாறி எங்காவது அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் எலக்ட்ரானே வெறும் நோட்.ஜேஎஸ்ஸைப் போல நடந்துகொள்ளும்.

ஆப் ஆயத்தமாவதற்கு முன் சாளரத்தை உருவாக்க இயலாது என்று வந்தால்?

பிரௌசர்விண்டோவை உருவாக்கும் வரியை, ஆப்.வென்ரெடி நிறைவேறிய பிறகு ஓடும் பகுதிக்குள் கொண்டுபோங்கள்.

பிழைச்செய்தி எதுவும் இல்லை. செயலி ஓடுகிறது, ஆனால் சாளரம் தெரியவில்லை. அல்லது ஒரு நொடி தோன்றி மறைகிறது. என்ன செய்வது?

பிழைச்செய்தி இல்லாத சிக்கலே பொறுமையைச் சோதிக்கும். முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உங்கள் செயலியோ எலக்ட்ரானோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே செயலிதான் ஓட வேண்டும் என்று ரிக்வெஸ்ட் சிங்கிள் இன்ஸ்டன்ஸ் லாக் எழுதியிருந்தால், முந்தைய செயலி முழுவதும் மூடப்படாமல் பின்னணியில் தங்கியிருக்கும்போது புதிய செயலி எதுவும் சொல்லாமல் தானே வெளியேறிவிடும். நீங்கள் எழுதியபடிதான் அது நடக்கிறது. முந்தைய சாளரத்தை முன்னே கொண்டுவரும் பகுதியை எழுதத் தவறியதுதான் குறை.

செயல்முறை உயிரோடு இருந்து சாளரம் மட்டும் தெரியாவிட்டால், ஷோ என்பதை ஃபால்ஸ் என்று வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பக்கம் ஆயத்தமானதும் காட்டலாம் என்ற நல்ல எண்ணத்தில் ரெடி டு ஷோ நிகழ்வுக்குக் காத்திருப்போம். பக்கம் ஏற்றப்படாமல் போனால் அந்த நிகழ்வு வராது, சாளரமும் வராது. சிக்கலைத் தேடும் நேரத்தில் அந்த வரியை நீக்கிவிடுங்கள். வெள்ளையாகவேனும் ஒரு சாளரம் தெரியட்டும்.

ஒருமுறை ஒரு பட்டறைக்கு எழுதிக் கொடுத்த பேரேட்டில் நானே இப்படி ஒரு மணி நேரம் திண்டாடினேன். சாளரத்தை மூடிய இடத்தை நினைவில் வைத்து, அடுத்த முறை அங்கேயே திறக்கும்படி எழுதியிருந்தேன். என் மேசையில் இரண்டு திரைகள், பட்டறையில் ஒன்று. அமைப்புக் கோப்பையும் சேர்த்து நகலெடுத்துக்கொண்டு போனதால், அங்கே இல்லாத இரண்டாவது திரையில் சாளரம் திறந்து கிடந்தது. ஸ்கிரீன் என்ற பகுதியிடம் இப்போது இருக்கும் திரைகளின் எல்லையைக் கேட்டு, சேமித்த இடம் அதற்குள் வருகிறதா என்று சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

சாளரம் திறக்கிறது, உள்ளே வெறும் வெள்ளையாக இருக்கிறது. இதற்கு என்ன காரணம்?

இங்கே முதன்மைச் செயல்முறை தன் வேலையைச் செய்துவிட்டது. பிழை பக்கத்தில் இருக்கிறது. ஆகவே கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, கன்சோலில் சிவப்பாக என்ன இருக்கிறது என்று படியுங்கள். மெனுவை நீக்கிவிட்டதால் அந்த விசைகள் வேலை செய்யாவிட்டால், வெப்கன்டென்ட்ஸின் ஓபன்டெவ்டூல்ஸ் வரியை மெயின்.ஜேஎஸ்ஸில் தற்காலிகமாக எழுதுங்கள்.

கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை என்றால் லோட்ஃபைலுக்குக் கொடுத்த பாதை தவறு. பாத்.ஜாயினையும் டிர்நேமையும் கொண்டு, மெயின்.ஜேஎஸ் இருக்கும் இடத்திலிருந்து பாதையை அமைப்பதே பாதுகாப்பானது. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழை என்றால், வைட் போன்ற, பக்கத்தை உருவாக்கி வழங்கும் கருவியின் முகவரியை லோட்யுஆர்எல்லுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கருவியை இன்னும் ஓட்டவில்லை, அல்லது அது எழுந்து முடிப்பதற்குள் எலக்ட்ரான் முந்திக்கொண்டது. ரியாக்ட், வியூ போன்றவற்றில் எழுதி பில்ட் செய்த பக்கம் வெள்ளையாக இருந்தால், இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லைத் திறந்து, ஸ்கிரிப்ட் முகவரி சாய்கோட்டில் தொடங்குகிறதா என்று பாருங்கள். வலைத்தளத்தில் அந்தச் சாய்கோடு தளத்தின் வேரைக் குறிக்கும். கோப்பாகத் திறக்கும்போது டிரைவின் வேரைக் குறிக்கும். வைட்டில் பேஸ் என்ற அமைப்பைப் புள்ளி, சாய்கோடு என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கன்சோலில் எதுவுமே இல்லை, எலிமென்ட்ஸ் பகுதியில் பக்கம் முழுவதும் இருக்கிறது, திரையில் மட்டும் வெள்ளையோ கறுப்போ தெரிகிறது என்றால் வரைகலை இயக்கியைச் சந்தேகிக்கலாம். பழைய கணினிகளில் இது நடப்பதுண்டு. ஆயத்தமாவதற்கு முன்பே ஆப்.டிசேபிள் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் என்ற வரியை எழுதிப் பாருங்கள். எடைக் கணக்குச் செயலிக்கு வரைகலை முடுக்கம் இல்லாவிட்டால் எந்த நட்டமும் இல்லை.

பக்கத்தில் ரிக்கொயர் என்பது வரையறுக்கப்படவில்லை என்று வருகிறது. நோட்இன்டக்ரேஷனை ட்ரூ என்று மாற்றினால் சரியாகும் என்று பலரும் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

தொடக்க காலத்தில் எலக்ட்ரான் பக்கத்துக்குள்ளேயே நோட்.ஜேஎஸ்ஸின் எல்லா ஆற்றலும் கிடைத்தது. பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், அழிக்கலாம் என்பது அதன் மறுபக்கம். ஆகவே 2019இல் வந்த 5ஆம் பதிப்பில் நோட்இன்டக்ரேஷன் இயல்பாகவே அணைக்கப்பட்டது. 2021இல் வந்த 12ஆம் பதிப்பில் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டையும் ப்ரீலோடின் ஜாவாஸ்கிரிப்டையும் பிரித்து வைக்கும் கான்டெக்ஸ்ட்ஐசொலேஷன் இயல்பானது. அதே ஆண்டில் 14ஆம் பதிப்பில் முதன்மைச் செயல்முறையின் பகுதிகளைப் பக்கத்திலிருந்தே அழைக்க உதவிய ரிமோட் என்ற பகுதி நீக்கப்பட்டது. 2022இல் 20ஆம் பதிப்பிலிருந்து ரெண்டரர்கள் இயல்பாகவே சாண்ட்பாக்ஸ் என்ற கட்டுப்படுத்தப்பட்ட சூழலுக்குள் ஓடுகின்றன. நீங்கள் பார்த்து எழுதிய பாடம் 2018ஐச் சேர்ந்ததாக இருந்தால், அது அன்றைக்குச் சரி. இன்றைய பதிப்பில் ஓடாது. அதில் உள்ளபடி நோட்இன்டக்ரேஷனை மட்டும் ட்ரூ என்று மாற்றினாலும், கான்டெக்ஸ்ட்ஐசொலேஷன் குறுக்கே நிற்பதால் பிழை அப்படியே இருக்கும். பிறகு அதையும் அணைக்கச் சொல்வார்கள்.

கோப்பைப் படிப்பது, எழுதுவது போன்ற வேலைகளை மெயின்.ஜேஎஸ்ஸிலேயே வைத்துக்கொண்டு ஐபிசிமெயின்.ஹேண்டிலால் அதற்கு ஒரு பெயர் கொடுங்கள். ப்ரீலோட்.ஜேஎஸ்ஸில் கான்டெக்ஸ்ட்பிரிட்ஜைக் கொண்டு, எடையைச் சேமி, பட்டியலைக் கொடு என்பன போன்ற இரண்டு மூன்று செயல்களை மட்டும் பக்கத்துக்குத் திறந்துவிடுங்கள். பட்டறைக்கு வரும் வாடிக்கையாளரிடம் கல்லாச் சாவியைக் கொடுக்காமல், கேட்ட கொலுசை நாமே எடுத்துக் காட்டுவதைப் போன்றது இது. எழுத வேண்டிய வரிகள் பத்துப் பன்னிரண்டு கூடும், அவ்வளவே.

இதைச் செய்த பிறகும் பக்கத்தில் அந்தச் செயல் அன்டிஃபைன்டு என்று வந்தால், ப்ரீலோட் ஏறவில்லை. அதன் பாதை முழுப்பாதையாக இருக்க வேண்டும். சாண்ட்பாக்ஸுக்குள் ஓடும் ப்ரீலோடில் எஃப்எஸ், பாத் போன்றவற்றையோ நீங்கள் நிறுவிய பொதிகளையோ ரிக்கொயர் செய்ய இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள்; அப்படி ஒரு வரி இருந்தால் அந்த இடத்திலேயே ப்ரீலோட் நின்றுவிடும்.

மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் பயன்படுத்த இயலாது என்று ஒரு நாள். ரிக்கொயர் வரையறுக்கப்படவில்லை என்று மறுநாள். இரண்டையும் எப்படித் தவிர்ப்பது?

ஒரே செயலியில் இரு பாணிகளைக் கலந்ததன் விளைவு இது. பேக்கேஜ்.ஜேசானில் டைப் என்பதை மாட்யூல் என்று எழுதினால் இம்போர்ட் ஓடும், ரிக்கொயர் ஓடாது, டிர்நேமும் இருக்காது. முதன்மைச் செயல்முறையில் இம்போர்ட்டை எலக்ட்ரான் ஏற்கத் தொடங்கியதே 2023 இறுதியில் வந்த 28ஆம் பதிப்பில்தான். சாண்ட்பாக்ஸுக்குள் ஓடும் ப்ரீலோட் இன்னும் ரிக்கொயர் பாணியைத்தான் ஏற்கிறது. தொடக்கநிலையில் மெயினிலும் ப்ரீலோடிலும் ரிக்கொயரையே பயன்படுத்துங்கள். பக்கத்தின் நிரலில் இம்போர்ட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்துக்கான பொதியைச் சேர்த்த நாளிலிருந்து செயலி திறக்கவில்லை. நோட் மாட்யூல் வெர்ஷன் பொருந்தவில்லை என்று இரண்டு எண்களைக் காட்டுகிறது.

பெட்டர் எஸ்க்யூலைட் 3 போன்றவை சி++ மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட நேட்டிவ் மாட்யூல்கள். நீங்கள் நிறுவிய நோட்.ஜேஎஸ் வேறு, எலக்ட்ரானுக்குள் இருக்கும் நோட்.ஜேஎஸ் வேறு. ஒன்றுக்காகத் தொகுத்தது மற்றொன்றில் ஏறாது. எலக்ட்ரான் ரீபில்ட் கருவியை நிறுவி ஓட்டினால் அது எலக்ட்ரானுக்காக மீண்டும் தொகுத்துக் கொடுக்கும். விண்டோஸில் அதற்குப் பைத்தானும் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸும் தேவைப்படலாம். பின்னது பல ஜிகாபைட் இடம் பிடிக்கும். ஒரு சீசனுக்குச் சில ஆயிரம் வரிகள் மட்டுமே பதியும் தோட்டக் கணக்குக்கு ஜேசான் கோப்பே போதும் என்று சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நேற்றுவரை நன்றாக ஓடியது. இரவு இடி மழையில் மின்சாரம் போனது. இன்று காலை செயலி திறக்கவில்லை. எதை நோக்குவது?

ஏற்காட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் தவறாமல் கேட்பார்கள். நிரலில் எதுவும் மாறவில்லை. தரவுக் கோப்பில் மாறியிருக்கிறது. ஜேசான் உள்ளீடு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்ற பிழை வந்தால் அதுவே சான்று. ரைட்ஃபைல் ஒரு கோப்பை எழுதும்போது முதலில் பழையதைக் காலியாக்கிவிட்டுத்தான் புதியதை எழுதுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், காலியான கோப்போ பாதி எழுதிய கோப்போதான் மிஞ்சும். அடுத்த நாள் தொடக்கத்திலேயே அதைப் படித்து ஜேசான்.பார்ஸ் செய்யும் வரி தடுக்கி விழும். முதன்மைச் செயல்முறையில் ஜாவாஸ்கிரிப்ட் பிழை என்ற பெட்டி தோன்றும்.

கெட்டுப்போன கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள்; பெயரை மாற்றி வைத்துக்கொண்டு செயலியைத் திறந்து பாருங்கள். பாதிவரை எழுதியிருந்தால் அந்தப் பாதியையாவது கையால் மீட்கலாம். பிறகு நிரலைத் திருத்துங்கள். புதிய தரவை முதலில் வேறொரு தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி, அது வட்டில் சேர்ந்ததை எஃப்சிங்க்கால் உறுதிசெய்து, அதன் பின்பே பழைய பெயருக்கு ரீநேம் செய்ய வேண்டும். படிக்கும் வரியை ட்ரை, கேட்ச்சுக்குள் வைத்து, படிக்க இயலாவிட்டால் முந்தைய நாள் நகலைத் திறக்கும்படி செய்யுங்கள். கேட்ச்சுக்குள் எதுவும் எழுதாமல் வெறுமனே விட்டால் செயலி திறக்கும். ஆனால் கார்த்திகை மாதக் கணக்கு முழுவதும் காலியாகத் தெரியும். பறித்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை அது தெரியவருவதைவிட, செயலி திறக்காமல் நிற்பதே மேல்.

தரவுக் கோப்பு நலமாக இருந்தும் திறக்கவில்லை என்றால், செயலி தன் தரவை வைத்துக்கொள்ளும் யூசர்டேட்டா கோப்புறையில் இருக்கும் கேச், ஜிபியுகேச் ஆகியவற்றை நீக்கிப் பாருங்கள். அவை மீண்டும் தாமே உருவாகிக்கொள்ளும்.

என் கணினியில் ஓடுகிறது. தோட்டத்து அலுவலகக் கணினியில் ஓடவில்லை. வேறுபாடு எங்கே இருக்கலாம்?

அந்தக் கணினியில் விண்டோஸ் 7 அல்லது 8 இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம். 2023இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து எலக்ட்ரான் அவற்றில் ஓடாது. 22ஆம் பதிப்பில் கட்டிக் கொடுக்கலாம்தான். ஆனால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பதைச் சொல்லிவிட்டே கொடுங்கள். விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது என்ற நீலப் பெட்டி வந்தால், செயலி கையொப்பமிடப்படவில்லை என்பதே காரணம். கூடுதல் தகவலைச் சொடுக்கினால் ஓட்டுவதற்கான பொத்தான் தெரியும்.

லினக்ஸ் கணினி என்றால் இரண்டைப் பாருங்கள். அங்கே கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் கவனிக்கப்படாமல் போன பிழை அங்கே கோப்பு இல்லை என்று வந்து நிற்கும். குரோம் சாண்ட்பாக்ஸ் சரியாக அமைக்கப்படவில்லை என்று வந்தால், அந்தப் பெயருள்ள கோப்பின் உரிமையாளரை ரூட் என்றும் அனுமதியை 4755 என்றும் மாற்ற வேண்டும். உபுண்டு 24.04இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் விதிகள் கடுமையானதால் இந்தச் செய்தி முன்பைவிட அடிக்கடி வருகிறது. நோ சாண்ட்பாக்ஸ் என்று சேர்த்து ஓட்டுவது காரணத்தை உறுதிசெய்ய மட்டுமே, அப்படியே கொடுத்துவிடாதீர்கள்.

என்பிஎம் ஸ்டார்ட்டில் ஓடும் செயலி, பொதியாகக் கட்டிய பிறகு திறக்கவில்லை. ஏன்?

கட்டும்போது உங்கள் கோப்புகள் ஆசார் என்ற ஒரே காப்பகத்துக்குள் போகின்றன. அதற்குள் இருப்பதைப் படிக்கலாம், எழுத இயலாது. தரவுக் கோப்பை மெயின்.ஜேஎஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்து எழுதிவந்த செயலி இங்கேதான் விழும். ஆப்.கெட்பாத்துக்கு யூசர்டேட்டா என்று கொடுத்தால் கிடைக்கும் கோப்புறையில் எழுதுங்கள். பொதி கிடைக்கவில்லை என்ற பிழை என்றால், அதை டெவ்டிபென்டென்சீஸில் சேர்த்திருப்பீர்கள். அப்பகுதியில் இருப்பவை பொதிக்குள் போகாது. எலக்ட்ரானும் கட்டும் கருவியும் மட்டும் அங்கே இருக்கட்டும்.

கட்டிய செயலிக்கு டெர்மினல் இல்லாததால் பிழை எங்கேயும் தெரியாது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, செயலியின் இயங்கு கோப்பை எனேபிள் லாகிங் என்ற தெரிவோடு அங்கிருந்து ஓட்டுங்கள். மறைந்திருந்த செய்தி வெளியே வரும்.

தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிகின்றன.

எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் மெட்டா கேர்செட் யுடிஎஃப் 8 என்ற வரியைச் சேர்த்து, கோப்பையும் யுடிஎஃப் 8 ஆகச் சேமியுங்கள். எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். விண்டோஸில் நிர்மலா யுஐ ஏற்கெனவே இருக்கிறது.

டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால் டெர்மினலில் ஆட்டோஃபில்.எனேபிள் தோல்வி என்று சிவப்பாக வருகிறது. கன்சோலில் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று மஞ்சளாக வருகிறது. இவற்றால்தான் செயலி திறக்கவில்லையா?

இல்லை. முதலாவது டெவலப்பர் டூல்ஸ் தேடும் ஒரு வசதி எலக்ட்ரானில் இல்லாததால் வருவது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாவது கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி எழுதவில்லை என்பதற்கான நினைவூட்டல். செயலி திறந்த பிறகு அதை எழுதிக்கொள்ளலாம்.